ஒரே நோயாளி, தனித்தனி வகுப்பறைகள்: மருத்துவக் கல்வியில் கூட்டுக் கற்றலும் தொலைநிலைக் கற்பித்தலும்

பக்கவாதம் வந்து வார்டில் சேர்க்கப்பட்ட ஒருவருக்கு முதல் வாய் உணவை எப்போது கொடுக்கலாம்? எளிமையாகத் தெரியும் இந்தக் கேள்விக்கு எந்த ஒருவராலும் தனியாகப் பதில் சொல்லிவிட முடியாது. மூளையின் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரியும். ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்தபோது நோயாளி இருமினாரா, அதன் பிறகு குரல் கரகரத்ததா என்பதைக் கட்டிலருகே நிற்கும் செவிலியர் பார்த்திருப்பார். கஞ்சி எந்தப் பதத்தில் இருந்தால் தொண்டை தாங்கும் என்று பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர் சொல்வார். எவ்வளவு நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும் என்பது இயன்முறை சிகிச்சையாளருக்குத் தெரியும். எந்த மாத்திரையைப் பொடித்துக் குழாய் வழியே கொடுக்கலாம், எதைப் பொடிக்கவே கூடாது என்பதை மருந்தாளுநரிடம் கேட்க வேண்டும். இவர்களில் ஒருவர் அறிந்தது இன்னொருவருக்கு எட்டாமல் போனால், உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். பக்கவாதத்தில் பிழைத்தவர் அதில் இறந்துபோகவும் கூடும்.

இந்த ஐவரும் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கப் போகிறவர்கள். ஆனால் படிக்கிற காலத்தில் அவர்கள் பெரும்பாலும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. வேறு வேறு கல்லூரிகள், பாடத்திட்டங்கள், தேர்வுகள், சீருடைகள். சேர்ந்து வேலை செய்யப் போகிறவர்கள் சேர்ந்து படிக்க வேண்டாமா என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. 2020-ல் பெருந்தொற்று கல்லூரிகளை மூடியபோது அதனோடு இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டது: சேர்ந்து படிப்பதற்கு ஒரே இடத்தில் இருந்தாக வேண்டுமா?

இரண்டு கேள்விகளுக்கும் சொல்லப்பட்ட முக்கியமான பதில்களையும், அவை எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

## கூட்டுக் கற்றல்: கேள்வி வளர்ந்த விதம்

1960-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மருத்துவம், செவிலியம், மருந்தியல் முதலிய துறைகளின் மாணவர்கள் ஒன்றாகப் பயில வேண்டும் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. 1972-ல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் 'சுகாதாரக் குழுவுக்கான கல்வி' என்ற பொருளில் ஒரு மாநாட்டு அறிக்கை வெளியிட்டது. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986-ல் சுகாதாரத் துறைகள் அனைத்தையும் ஒரே புலத்தின் கீழ் கொண்டுவந்து, எல்லா மாணவர்களுக்கும் பொதுவான தொடக்கக் காலத்தை வகுத்தது. 1987-ல் பிரிட்டனில் கூட்டுக் கல்விக்கென்றே கெய்ப் என்ற அமைப்பு உருவானது. மறு ஆண்டு உலக சுகாதார நிறுவனம், சேர்ந்து பணியாற்றச் சேர்ந்து கற்பது பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது.

இந்த முயற்சிகள் பல காலம் ஆர்வலர்களின் வட்டத்துக்குள்ளேயே இருந்தன. பேச்சுக்கு அவசரம் கூட்டியவை மருத்துவப் பிழைகள் பற்றிய அறிக்கைகள். அமெரிக்க மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக 1999-ல் வெளியான அறிக்கை மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கையின் கணக்கு முறை பற்றிப் பிற்பாடு விவாதம் எழுந்தாலும், அறிக்கை உண்டாக்கிய அதிர்ச்சி நிலைத்தது. 2001-ல் பிரிட்டனில், பிரிஸ்டல் மருத்துவமனையின் குழந்தைகள் இதய அறுவைசிகிச்சைப் பிரிவு பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. அங்கு 1991-க்கும் 1995-க்கும் இடையில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எதிர்பார்க்கத்தக்கதைவிட 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். தனித்தனி ஆட்களின் திறமைக் குறையோடு, குழுவாக இயங்கத் தெரியாத பண்பாட்டையும் அந்த அறிக்கை காரணமாகச் சுட்டியது. சுகாதாரத் தொழிலர்கள் சேர்ந்து கற்க வேண்டும் என்ற பரிந்துரைக்குப் பின்னால் அந்தக் குழந்தைகளின் இறப்பு இருக்கிறது.

2010-ல் உலக சுகாதார நிறுவனம் தன் செயல்திட்டச் சட்டகத்தை வெளியிட்டது. இரண்டோ அதற்கு மேற்பட்டோ தொழில்களைச் சேர்ந்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்பதே கூட்டுக் கற்றல் என்ற வரையறை அதன் வழியாக உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு லான்செட் இதழ் அமைத்த ஆணையம், மருத்துவக் கல்வியை மாற்றியமைத்த 1910-ஆம் ஆண்டின் ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்கு நூறாண்டு கழித்து, தொழில்கள் தனித்தனிக் குலங்களாகப் பிரிந்து கிடப்பதைப் பெரிய குறையாகக் குறிப்பிட்டது.

'பற்றி', 'இடமிருந்து', 'ஓடு' என்ற மூன்றும் வரையறையில் அடுத்தடுத்து வந்தாலும் ஒரே வேலையைக் குறிப்பவை அல்ல. ஒரே அரங்கில் 300 பேர் உட்கார்ந்து உடற்கூறியல் கேட்பது இந்த மூன்றில் எதுவும் ஆகாது. தொலைநிலைக் கற்பித்தலை மதிப்பிடும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது. திரை இந்த மூன்றுக்கும் ஒரே அளவு உதவுவதில்லை என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதி காட்ட முயலும்.

## தொலைநிலைக் கற்பித்தல்: இன்னொரு வரலாறு

மருத்துவக் கல்வியில் தொலைநிலை பெருந்தொற்றோடு பிறந்ததல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தில் 1950-களின் இறுதியிலேயே இருவழித் தொலைக்காட்சி கற்பித்தலுக்குப் பயன்பட்டது. 1964-ல் அங்கிருந்து 112 மைல் தொலைவிலிருந்த அரசு மனநல மருத்துவமனையோடு இணைப்பு ஏற்படுத்தினார்கள். பணியில் இருந்தபடியே பட்டம் பெற விரும்பிய செவிலியர்களுக்கு 1990-களில் இந்தியாவில் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், இலங்கையில் திறந்த பல்கலைக்கழகமும் தொலைநிலைப் படிப்புகளைத் தொடங்கின.

இந்த வரலாற்றின் மையத்தில் ஒரு பழைய சர்ச்சை இருக்கிறது. 1983-ல் ரிச்சர்ட் கிளார்க் என்ற கல்வியியலாளர், ஊடகம் என்பது பாடத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டி மட்டுமே, காய்கறியின் சத்தை லாரி கூட்டுவதில்லை என்ற பொருள்பட வாதிட்டார். ஒவ்வொரு ஊடகத்துக்கும் தனித்த ஆற்றல்கள் உண்டு, கற்கும் முறையையே அது மாற்றும் என்று ராபர்ட் கோஸ்மா மறுத்தார். சர்ச்சை இன்றும் முடியவில்லை. 2008-ல் டேவிட் குக்கும் சகாக்களும் சுகாதாரத் தொழில்களில் இணையவழிக் கற்றல் பற்றிய 201 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எதுவும் கற்பிக்காததோடு ஒப்பிட்டால் இணையவழிக் கற்றலின் பலன் பெரிது. பிற கற்பித்தல் முறைகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஆய்வுக்கு ஆய்வு மாறியது, சராசரியில் சிறிதாகவே இருந்தது. கிளார்க்கின் பக்கம் தராசைச் சற்றுச் சாய்க்கும் முடிவு இது. ஆனால் அந்த ஆய்வுகளில் பல அளந்தவை தனிமாணவரின் அறிவையும் திறனையும். ஒரு குழு எப்படிப் பேசிக்கொள்கிறது என்பதற்கு அந்த முடிவை அப்படியே நீட்டிவிட முடியாது.

இங்கே குறிப்பிட வேண்டிய முன்னோடி, நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா 2003-ல் தொடங்கிய எக்கோ திட்டம். கல்லீரல் அழற்சி சி நோய்க்குச் சிகிச்சை பெற நோயாளிகள் பல மணி நேரம் பயணம் செய்து, மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நோயாளியை நகர்த்துவதற்குப் பதில் அறிவை நகர்த்த நினைத்தார் அவர். கிராமப்புற மருத்துவர்களும் செவிலியர்களும் வாரந்தோறும் காணொளியில் கூடித் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசினார்கள். மையத்தில் கல்லீரல் நிபுணரோடு மனநலம், மருந்தியல் அறிந்தவர்களும் அமர்ந்தார்கள். 2011-ல் வெளியான ஆய்வில் 407 நோயாளிகள் இடம்பெற்றார்கள். பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 விழுக்காட்டினரிடமும், எக்கோ வழி நடந்த கிராமப்புற மையங்களிலும் சிறைகளிலும் 58.2 விழுக்காட்டினரிடமும் வைரஸ் நீங்கியது. தொலைவிலிருந்து, பல தொழிலர்கள் கூடிக் கற்றதன் விளைவு நோயாளியின் உடலில் அளக்கப்பட்ட அரிய சான்றுகளில் இது ஒன்று. ஒரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. அதில் பங்கேற்றவர்கள் மாணவர்கள் அல்லர், பணியில் இருந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த நோயாளிகள் உண்மையானவர்கள்.

2020 மார்ச்சில் நடந்ததோ வேறு. சில நாட்களில் வகுப்புகள் திரைக்கு மாறின. அதே மாதத்தில் சார்லஸ் ஹாட்ஜஸும் சகாக்களும் எழுதிய கட்டுரை, திட்டமிட்டு வடிவமைத்த இணையவழிக் கல்வியிலிருந்து இதைப் பிரித்து 'அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல்' என்று அழைத்தது. இந்தப் பிரிவினையை மறந்தால், அவசரத்தில் செய்ததன் குறைகளை எல்லாம் தொலைநிலையின் இயல்பு என்று எண்ணிவிடுவோம்.

## முதல் நிலைப்பாடு: பழகினால் விலகல் குறையும்

கூட்டுக் கற்றலுக்குச் சொல்லப்படும் மிகப் பழைய நியாயம், ஒருவரையொருவர் அறியாததே வேற்றுமைக்குக் காரணம் என்பது. இதன் வேர் சமூக உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் முன்வைத்த தொடர்புக் கருதுகோளில் இருக்கிறது. இரு குழுக்கள் சந்திப்பது மட்டும் போதாது என்பதை அவரே வலியுறுத்தினார். சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, மேலிருந்து வரும் ஆதரவு ஆகிய நான்கும் அமைந்தால்தான் முன்முடிவுகள் தளரும்.

இந்த நான்கு நிபந்தனைகளை மறந்துவிட்டுச் சந்திப்பை மட்டும் ஏற்பாடு செய்ததே பல திட்டங்களின் பலவீனம். லண்டனில் மருத்துவ, செவிலிய, பிற சுகாதார மாணவர்களுக்குப் பொதுவான அடிப்படைப் பாடம் நடத்திய ஒரு கல்லூரியில், மாணவர்கள் வரும்போதே ஒருவரைப் பற்றி ஒருவர் முத்திரை குத்திய கருத்துகளோடு வந்தார்கள். சேர்ந்து படித்த பின் அந்தக் கருத்துகள் சில இன்னும் கெட்டிப்பட்டன என்று 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. எப்போது சேர்ப்பது என்பதிலும் உடன்பாடு இல்லை. முத்திரைகள் விழும் முன்பே முதலாண்டில் சேர்க்க வேண்டும் என்கிறார்கள் சிலர். தன் தொழில் இன்னதென்று தெரியாத முதலாண்டு மாணவரிடமிருந்து மற்றவர் எதைக் கற்பார் என்று கேட்கிறார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பிலும் நியாயம் இருப்பதால், ஒருமுறை சந்திக்க வைப்பதைவிடப் படிப்பு முழுவதும் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சேர்ப்பதே பொருத்தம் என்ற கருத்து வலுப்பெற்று வருகிறது.

## இரண்டாம் நிலைப்பாடு: குழுவேலை ஒரு திறன்

மனப்பான்மையைவிட நடத்தையைப் பாருங்கள் என்பது அடுத்த தரப்பு. குழுவாக வேலை செய்வதும் ஊசி போடுவதைப் போலப் பயிற்சியால் வரும் திறன்தான் என்று இவர்கள் கருதுகிறார்கள். 2011-ல் அமெரிக்காவின் சுகாதாரக் கல்வி அமைப்புகள் கூடி, விழுமியங்கள், பங்கும் பொறுப்பும், தகவல் பரிமாற்றம், குழுச்செயல்பாடு என நான்கு தலைப்புகளில் திறன்களை வரையறுத்தன. கனடா அதற்கு முந்தைய ஆண்டே தன் சட்டகத்தை வெளியிட்டிருந்தது.

இந்தத் தரப்பின் பலம் அதன் துல்லியம். நள்ளிரவில் வார்டு செவிலியர் டியூட்டி டாக்டரை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்கார்' என்று தொடங்கினால் பேச்சு எங்கேயும் போகலாம். இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, என் மதிப்பீடு என்ன, உங்களிடம் என்ன கேட்கிறேன் என்ற நான்கு படிகளில் சொல்லப் பழகியவர், கடைசிப் படியில் 'உடனே வந்து பாருங்கள்' என்று கேட்கும் உரிமையையும் பெறுகிறார். அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. தொலைபேசியில் பேசுவதற்கான முறை என்பதால் தொலைவிலிருந்தே கற்பிக்கவும் ஏற்றது.

குழுப்பயிற்சிக்குச் சாதகமான சான்றுகளும் உண்டு. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் அறுவை அரங்கக் குழுக்களுக்குப் பயிற்சி அளித்த 74 இடங்களில் ஆண்டு இறப்பு விகிதம் 18 விழுக்காடு குறைந்தது என்றும், பயிற்சி பெறாத இடங்களில் 7 விழுக்காடே குறைந்தது என்றும் 2010-ல் ஓர் ஆய்வு தெரிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் இன்னொரு எடுத்துக்காட்டு. கத்தி வைப்பதற்கு முன் அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்கிறது அது. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைப் பின்பற்றியபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8-ஆகக் குறைந்ததாக 2009-ல் செய்தி வந்தது.

ஆனால் 2014-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்தபோது, அதே பட்டியல் நடைமுறைக்கு வந்த பின் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. இந்த முரண்பாட்டுக்கு வெவ்வேறு விளக்கங்கள் உண்டு. பட்டியலில் டிக் அடிப்பதும் பட்டியலின் உணர்வோடு ஒருவரோடு ஒருவர் பேசுவதும் ஒன்றல்ல என்பது அவற்றில் ஒன்று. கூட்டுக் கற்றலைத் திறன்களின் பட்டியலாகச் சுருக்கும்போதும் இதே ஆபத்து காத்திருக்கிறது.

## மூன்றாம் நிலைப்பாடு: வார்டே வகுப்பறை

வேலையை வேலை செய்துதான் கற்க வேண்டும் என்பது மூன்றாவது பதில். லின்ஷோப்பிங் 1996-ல் உருவாக்கிய மாணவர் பயிற்சி வார்டு இதன் முன்மாதிரி. மருத்துவம், செவிலியம், இயன்முறை சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை ஆகியவற்றின் இறுதிக்கட்ட மாணவர்கள் சில நோயாளிகளின் பொறுப்பை, மேற்பார்வையில், ஒரு குழுவாக ஏற்கிறார்கள். காலையில் நோயாளியைக் குளிப்பாட்டுவதில் மருத்துவ மாணவரும் கைகொடுக்கிறார். அப்போதுதான் தோளைத் தூக்க முடியாத வலி அவர் கண்ணில் படுகிறது. ரவுண்ட்ஸில் இரண்டு நிமிடம் நின்று போகிறவருக்கு அது தெரிந்திருக்காது. ஸ்டாக்ஹோம், லண்டன் முதலிய இடங்களுக்கும் இந்த முறை பரவியது.

பங்கேற்ற மாணவர்கள் இதை உயர்வாக மதிப்பிடுகிறார்கள். தடை செலவிலும் எண்ணிக்கையிலும் இருக்கிறது. ஒரு வார்டில் ஒரு நேரத்தில் சில மாணவர்களுக்குத்தான் இடம். எல்லாத் தொழில்களிலிருந்தும் மேற்பார்வையாளர்கள் வேண்டும். அனைத்துக் கல்லூரிகளின் கால அட்டவணைகளும் ஒத்துப்போக வேண்டும். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் மாணவர்களைச் சேர்க்கும் நாடுகளில் இதை எல்லோருக்கும் தருவது எளிதல்ல. தொலைநிலையின் மீது நிர்வாகங்கள் நம்பிக்கை வைப்பதற்கு இந்த எண்ணிக்கைச் சிக்கலே முதற்காரணம் எனலாம்.

## நான்காம் நிலைப்பாடு: சிக்கல் அதிகாரத்தில்

மேற்சொன்ன மூன்று பதில்களையும் ஒருசேரக் கேள்விக்குள்ளாக்கும் விமர்சகர்களும் இருக்கிறார்கள். 1967-ல் மனநல மருத்துவர் லியோனார்ட் ஸ்டீன் 'மருத்துவர்–செவிலியர் விளையாட்டு' என்ற கட்டுரையை எழுதினார். செவிலியர் தன் யோசனையைச் சொல்ல வேண்டும், ஆனால் சொன்னதாகத் தெரியக் கூடாது. மருத்துவர் அதைக் கேட்க வேண்டும், ஆனால் கேட்டதாகத் தெரியக் கூடாது. 1990-ல் அவரே சகாக்களோடு மீண்டும் எழுதியபோது, செவிலியர்கள் இந்த விளையாட்டை விட்டு விலகத் தொடங்கிவிட்டார்கள் என்று குறிப்பிட்டார். தொடர்புத் திறன் பயிற்சி பெறாததால் அந்த விளையாட்டு தோன்றவில்லை. சம்பளம், பாலினம், சட்டப்படியான அதிகாரம், யார் யாருக்குக் குறிப்பு எழுதலாம் என்ற விதி ஆகியவை சேர்ந்து அதை உண்டாக்கின.

எலிஸ் பாராடிஸ், சிந்தியா வைட்ஹெட் ஆகியோர் 1954 முதல் 2013 வரையிலான கூட்டுக் கல்விக் கட்டுரைகளை ஆராய்ந்து, அவற்றில் அதிகாரம், முரண்பாடு பற்றிய பேச்சு மிக அரிதாகவே வருவதாக 2015-ல் எழுதினார்கள். தனிமனிதர்களைத் திருத்தினால் அமைப்பு தானே திருந்தும் என்ற நம்பிக்கையை அவர்கள் ஐயுறுகிறார்கள். வகுப்பில் எல்லோரும் சமம் என்று கற்ற மாணவர், வார்டில் நுழைந்த முதல் வாரத்திலேயே யார் பேச யார் கேட்பது என்பதைச் சொல்லாமலே கற்றுக்கொள்கிறார். எழுதப்படாத அந்தப் பாடத்திட்டத்தின் முன் எழுதப்பட்ட பாடத்திட்டம் பலமிழக்கிறது.

இந்த விமர்சனம் கூர்மையானது. ஆனால் அமைப்பு மாறும் வரை கல்லூரி என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இத்தரப்பு தரும் விடை இன்னும் தெளிவு பெறவில்லை. அதிகாரத்தைப் பற்றி மாணவர்களை வெளிப்படையாகப் பேச வைப்பது தொடக்கமாக அமையலாம்.

## திரை என்ன செய்கிறது?

இந்த நான்கு பதில்களையும் இணையவழி வகுப்பில் வைத்துப் பார்ப்போம். ஆறு மாணவர்கள் கொண்ட ஒரு சிறுகுழு அறை, முதலில் கண்ட பக்கவாத நோயாளியின் கதை, முப்பது நிமிடம். திரையில் ஆறு கட்டங்கள். எல்லாக் கட்டங்களும் ஒரே அளவு. வெள்ளைக் கோட்டும் சீருடையும் தெரியவில்லை. மேசையின் தலைமாட்டில் உட்கார இடமே இல்லை. முதலில் கேமராவை அணைத்துவைத்திருந்த செவிலிய மாணவி, பேசத் தயங்கி, உரையாடல் பெட்டியில் ஒரு வரி தட்டுகிறார்: 'தண்ணீர் கொடுத்துப் பார்த்தாச்சா?' அந்த ஒரு வரியில் விவாதம் திசை மாறக்கூடும். அந்த வரியை யாரும் கவனிக்காமல், முதலில் மைக்கைத் திறந்தவரே கடைசி வரை பேசிக்கொண்டிருப்பதும் நடக்கக்கூடும். இரண்டில் எது நடக்கும் என்பது பெரும்பாலும் வழிநடத்தும் ஆசிரியரின் கையில் இருக்கிறது.

ஆல்போர்ட்டின் சம அந்தஸ்து என்ற நிபந்தனைக்குத் திரை தோற்றத்தளவில் உதவுகிறது. ஆனால் வீட்டில் தனியறையும் மடிக்கணினியும் உள்ளவரும், கைப்பேசியில் விட்டுவிட்டு வரும் இணைப்போடு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பவரும் உண்மையில் சமமல்லர்.

'பற்றி', 'இடமிருந்து', 'ஓடு' என்ற மூன்றுக்கு இப்போது திரும்பலாம். ஒருவரைப் பற்றி ஒருவர் அறிவதற்குத் தொலைநிலை நன்றாகவே பயன்படும். மருந்தாளுநர் என்ன படிக்கிறார், எதற்குப் பொறுப்பு, எங்கே அவரைக் கேட்க வேண்டும் என்பதை, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கல்லூரி மாணவரே திரையில் வந்து சொல்லலாம். தம் வளாகத்தில் வேறு தொழில் மாணவர்களே இல்லாத கல்லூரிகளுக்கு இது பெரிய வாய்ப்பு. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதற்கும் தொலைநிலை உதவலாம். ஆனால் நோயாளியின் கதை ஒவ்வொரு தொழிலின் அறிவையும் உண்மையிலேயே கேட்பதாக அமைய வேண்டும். மருத்துவ மாணவர் ஒருவரே விடுவித்துவிடக்கூடிய புதிரைக் கொடுத்தால் மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

ஒருவரோடு ஒருவர் கற்பதில்தான் திரையின் எல்லை தெரிகிறது. நோயாளியை இருவர் சேர்ந்து கட்டிலில் மேலே இழுக்கும்போது 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று யார் எண்ணுவது, சோர்ந்திருக்கும் சகாவின் முகத்தை எப்படிப் படிப்பது, மூத்தவர் தவறும்போது எந்தக் குரலில் குறுக்கிடுவது என்பவை உடலும் இடமும் சார்ந்த அறிவு. இவற்றைத் திரையில் விவரிக்கலாம், ஒத்திகையும் ஓரளவு பார்க்கலாம். பழக்கமாக்க முடியுமா என்பதற்குப் போதிய சான்று இல்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இந்தியாவின் இ-சஞ்சீவனி போன்ற சேவைகளில், துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் சுகாதார அலுவலர் நோயாளியைப் பரிசோதித்து, காணொளியில் தொலைவிலுள்ள மருத்துவரோடு பேசுகிறார். இங்கே திரையே பணியிடம். மருத்துவர் தொட முடியாத வயிற்றை அலுவலர் தொட்டுச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதை நம்பி மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். இத்தகைய வேலைக்குத் தொலைநிலையில் சேர்ந்து பயில்வது நேரடிப் பயிற்சி ஆகிறது. தொலைநிலைக் கூட்டுக் கற்றலைப் பற்றிய விவாதங்கள் அதை எப்போதும் குறைந்த மாற்றாகவே பார்ப்பதால் இந்த வாய்ப்பு கவனம் பெறுவதில்லை என்று தோன்றுகிறது.

## சான்றுகள் எந்த அளவுக்கு?

கூட்டுக் கற்றல் நோயாளிக்கு நன்மை செய்கிறதா என்று ஆராய்ந்த, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வுகளின் வரிசை பல செய்திகளைச் சொல்கிறது. 2001-ல் வெளியான முதல் மதிப்பாய்வு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சலித்தது. கடுமையான அளவுகோலுக்குத் தேறியது ஒன்றுகூட இல்லை. 2008-ல் ஆறு ஆய்வுகள் தேறின. 2013-ல் பதினைந்து. அவற்றில் ஏழு நல்ல விளைவையும், நான்கு கலவையான விளைவையும் காட்டின. மற்ற நான்கில் விளைவு தெரியவில்லை. 2015-ல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் இந்தச் சான்றுகளை மறுபடி எடைபோட்டு, கல்விக்கும் நோயாளியின் நலனுக்கும் இடையிலான தொடர்பை நிறுவ இன்னும் திட்டமிட்ட ஆய்வுகள் வேண்டும் என்றது.

அளவுகோல்களிலும் சிக்கல் இருக்கிறது. பல ஆய்வுகள் வகுப்புக்கு முன்னும் பின்னும் மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து மனப்பான்மையை அளக்கின்றன. குழுவேலை நல்லதா என்று கேட்டால் தொடக்கத்திலேயே பெரும்பாலோர் ஆம் என்கிறார்கள். உயர்வதற்கு அதில் இடமே குறைவு. பெருந்தொற்றுக் காலத்து ஆய்வுகளில் இது இன்னும் கூடுதல் சிக்கலாகிறது. வேறு வழியே இல்லாதபோது கிடைத்த வகுப்பை மாணவர்கள் பாராட்டியதைக் கொண்டு, வழி இருக்கும்போதும் அதையே தேர்வார்கள் என்று முடிவுகட்ட முடியாது. ஆண்டுகள் கழித்து, பணியிடத்தில், உண்மையான நோயாளியின் முன் அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பின்தொடர்ந்த ஆய்வுகள் அரிது.

## இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் தடையின் முதல் அடுக்கு ஒழுங்குமுறையில் இருக்கிறது. மருத்துவக் கல்விக்கு ஓர் ஆணையம், செவிலியத்துக்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த மன்றம், மருந்தியலுக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இன்னொன்று என அமைப்புகள் தனித்தனியே வளர்ந்தன. இயன்முறை சிகிச்சையாளர், ஆய்வக நுட்புநர் உள்ளிட்ட துணைத் தொழில்களுக்குத் தேசிய அளவில் சட்ட அடையாளம் 2021-ல்தான் கிடைத்தது. ஒரு கல்லூரி முனைந்தாலும், யாருடைய பாடநேரத்தில், யாருடைய மதிப்பெண்ணில் கூட்டுக் கற்றலை வைப்பது என்ற கேள்வி அதைத் தடுத்து நிறுத்தும்.

இணையவழியே எல்லோரையும் சேர்த்துவிடலாம் என்ற எண்ணத்தையும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2017–18 கணக்கெடுப்பில், இணைய வசதி இருந்த குடும்பங்கள் நகரங்களில் 42 விழுக்காடு, கிராமங்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு. அதன் பிறகு கைப்பேசி இணையம் வேகமாகப் பரவியிருந்தாலும், இணைப்பின் தரத்திலும் வீட்டில் கிடைக்கும் இடத்திலும் ஏற்றத்தாழ்வு தொடர்கிறது.

மறுபுறம், கூட்டுப் பணிக்கான தேவை முன்பே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர், இயன்முறை சிகிச்சையாளர், நோய்த்தணிப்புச் செவிலியர் ஆகியோர் வீடு தேடிப் போகிறார்கள். அந்த வீட்டுத் திண்ணையில் ஒரே நோயாளியின் முன் சந்திக்கும் இவர்கள் வெவ்வேறு இடங்களில் பயின்று வந்தவர்கள். ஒருவர் குறித்துவைத்ததை இன்னொருவர் படித்துப் புரிந்துகொள்கிறாரா என்பதில் அந்த நோயாளியின் நலம் அடங்கியிருக்கிறது. பணிக்களம் முன்னே போய்விட்டது, கல்வி பின்னால் வருகிறது.

## எஞ்சியிருக்கும் கேள்விகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து சில முடிவுகளை மிதமான உறுதியோடு சொல்லலாம். சேர்ந்து உட்கார வைப்பது மட்டும் கூட்டுக் கற்றல் ஆகாது. குழுவேலையின் சில கூறுகளைப் பயிற்சியால் வளர்க்க முடியும், ஆனால் பயிற்சி பெற்றவர் போய்ச் சேரும் இடம் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தொலைநிலைக் கற்பித்தல் தொழில்களைப் பற்றிய அறிவைப் பரவலாக்கும். நல்ல வடிவமைப்பும் தேர்ந்த வழிநடத்துநரும் இருந்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கவும் வைக்கும். வார்டில் கிடைக்கும் அனுபவத்துக்கு அது ஈடாகும் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. இரண்டையும் எந்த விகிதத்தில், எந்த வரிசையில் கலப்பது என்பதற்கும் உறுதியான வழிகாட்டல் இல்லை.

திறந்திருக்கும் கேள்விகளில் மூன்று முதன்மையானவை. திரையில் பேசப் பழகிய செவிலிய மாணவி, வார்டிலும் அதே துணிவோடு பேசுகிறாரா? மாணவக் காலத்துக் கூட்டுக் கற்றலின் பயன் பணியில் எத்தனை ஆண்டு நிற்கிறது? வசதி குறைந்த கல்லூரிகளை இணையவழி முறை உயர்த்துகிறதா, அல்லது அவற்றின் மாணவர்களுக்கு வார்டு அனுபவத்தை மறுப்பதற்கு மலிவான சாக்காகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆய்வாளர்கள் மட்டும் விடை தர முடியாது. கட்டணம், ஆசிரியர் பணியிடங்கள், மருத்துவமனைப் படுக்கைகள் பற்றி முடிவெடுப்பவர்களும் சேர்ந்தே விடை தர வேண்டியிருக்கிறது.

ஒரு நடைமுறை அளவுகோல் இந்த விவாதத்துக்கு உதவலாம். எந்தக் கூட்டுக் கற்றல் திட்டத்தையும், அது நேரில் நடந்தாலும் திரையில் நடந்தாலும், பக்கவாத நோயாளியின் அந்த முதல் வாய் உணவைக் கொண்டு சோதிக்கலாம். தண்ணீர் குடித்ததும் நோயாளி இருமியதைப் பார்த்தவர் அதைச் சொன்னாரா, முடிவெடுக்க வேண்டியவர் அதைக் கேட்டாரா? கரண்டி நோயாளியின் வாய்க்குப் போகும் முன் இந்த இரண்டுக்கும் ஆம் என்ற பதிலைக் கிடைக்கச் செய்யும் கல்வி எந்த வடிவில் இருந்தாலும் ஏற்கத்தக்கது. அதைக் கிடைக்கச் செய்கிறதா என்று இன்னும் போதுமான அளவுக்கு நாம் அளந்து பார்க்கவில்லை.